நீலப் பொப்பியின் முதல் மொட்டு

மலர்களின் நிறங்களை எண்ணிப் பார்ப்போமாயின், வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமே எங்கும் நிரம்பி நிற்கக் காண்போம். நீலம் அரிது. நம் நாட்டின் தேசிய மலராக 1986ஆம் ஆண்டில் தெரிந்தெடுக்கப்பட்ட நீலோற்பலமும், வேலியிலே படரும் காக்கணமும், கோடையிற் பூக்கும் காயாவும் நாம் நன்கறிந்த நீலங்கள். ஆயினும் இவற்றை அருகே வைத்து நோக்குவோர், நீலத்தோடு ஊதாவும் சிறிது கலந்திருப்பதை உணர்வர். மழை பெய்து ஓய்ந்த காலைப் பொழுதில், முகில் விலகிய வானத்திலே தோன்றும் அந்தத் தூய நீலம் ஒரு மலரின் இதழிலே அப்படியே அமைந்திருக்குமாயின் எப்படி இருக்கும்? அத்தகைய மலர் ஒன்று உண்டு. திபெத்தின் தென்கிழக்கு மலைக்காடுகளிற் பிறந்து, இன்று ஸ்கொத்லாந்தின் தோட்டங்களிலே பெரும்புகழ் பெற்று விளங்கும் நீலப் பொப்பியே அது.

இம்மலரைப் பற்றி இவ்வாரம் எழுத நேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. இப்பகுதியைத் தவறாது படித்துவரும் அம்மையார் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஸ்கொத்லாந்திலே குடும்பத்தோடு வாழ்கிறார். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அவர் விதையிட்டு வளர்த்த நீலப் பொப்பிச் செடிகளில் ஆறு பிழைத்து, இவ்வாண்டு முதன்முறையாக மொட்டு விட்டிருக்கின்றன. அயல்வீட்டு முதியவர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, மொட்டுக்களைக் கிள்ளிவிடும்படி சொன்னாராம். கிள்ளாவிட்டாற் செடியே போய்விடும் என்றும் எச்சரித்தாராம். "ஓராண்டுக்கு மேலாகப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்து வளர்த்த செடி. முதல் மொட்டைக் கிள்ள அவளுக்கு மனம் வருகுதில்லை, ஐயா. அந்த முதியவர் சொல்வது உண்மைதானா?" என்பது அம்மையாரின் வினா.

வினா சிறியது. ஆயின் அதற்கு விடை கூற வேண்டுமாயின், அச்செடியின் வாழ்வு முழுவதையும் விதையிலிருந்து தொடங்கிச் சொல்லவேண்டும். குளிர்நாடுகளிற் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கொண்ட குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. அவர்களுக்கு இது நேரே பயன்படக்கூடும். ஏனையோருக்கும் மாணவர்களுக்கும், ஒரு செடி தன் வாழ்வை எங்ஙனம் நடத்துகிறது என்பதை அறிவதே பயனாகும்.

செடியும் அதன் சுற்றமும்

பொப்பி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது, கார்த்திகை மாதத்திலே போர்வீரர் நினைவாகச் சட்டையில் அணியும் செந்நிறப் பூவே. அபினியைத் தரும் கசகசாச் செடியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இக்குடும்பத்தின் உறவினர் ஒருவர் நம் ஊர்களிலும் உளர். வறண்ட தரவைகளிலும் தெருவோரங்களிலும், முள் நிறைந்த சாம்பற்பச்சை இலைகளோடு, மெல்லிய மஞ்சட் பூக்களை விரித்து நிற்கும் பிரமதண்டு என்னும் பூண்டினை அறியாதார் யார்? அது மெக்சிக்கோவிலிருந்து வந்து இங்கே குடியேறியது. அதன் பூவின் கசங்கிய பட்டுப்போன்ற இதழ்களையும், நடுவே நெருங்கி நிற்கும் மகரந்தக் கேசரங்களையும் ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். அந்த இதழ்களைப் பெரிதாக்கி, அவற்றுக்கு வான்நீலத்தைப் பூசி, நடுவிலே பொன்னிறக் கேசரங்களை அப்படியே விட்டுவைத்தால், நீலப் பொப்பியின் தோற்றம் ஓரளவு மனக்கண்ணிலே தெரியும்.

செடி ஒரு மீற்றர் உயரத்துக்கும் மேலாக வளரும். நிலத்தோடு ஒட்டிய இலைக்கொத்திலிருந்து தண்டு நேரே எழும். இலையிலும் தண்டிலும் செம்பொன் நிறமான மயிர் அடர்ந்திருக்கும். பூ, விரித்த உள்ளங்கை அளவினது. பெரும்பாலும் நான்கு இதழ் கொண்டது. சற்றே தலைகவிழ்ந்து நிற்பது. மாரியில் இலைகளெல்லாம் மடிந்து, நிலமட்டத்தில் ஒரு சிறு குருத்து மாத்திரம் உறங்கிக் கிடக்கும். பனிக்கட்டி அதனை மூடினும் அது சாவதில்லை. வசந்தம் வந்ததும் மீண்டும் தளிர்க்கும். இவ்வாறு குளிருக்கு அஞ்சாது ஆண்டுதோறும் எழும் செடிகளைப் பல்லாண்டுச் செடிகள் என்பர்.

திபெத்தில் இச்செடி வளரும் இடங்கள் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 மீற்றருக்கும் 4,000 மீற்றருக்கும் இடைப்பட்டவை. நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால 2,524 மீற்றரே உயரமுடையது. ஆகவே இலங்கையின் கொடுமுடியும், இம்மலருக்கு வீட்டு வாசற்படியாகக் கூடப் போதாது. கோடையிற் குளிர்ந்த ஈரமும், மாரியில் நெடுநாள் உறக்கமும் இதற்கு வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலமும் வெயிலும் இதற்கு ஒவ்வா. எனவே, வாசகர்கள் விதைக்கு எழுதிப் பணத்தை வீணாக்க வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லி வைக்கின்றோம்.

காட்டிலிருந்து தோட்டத்துக்கு

இவ்வினத்து நீலப் பொப்பியை மேலைநாட்டார் முதலிற் கண்டது சீனாவின் யுன்னான் மாகாணத்திலே. அங்கே சமயப் பணி புரிந்த டெலவே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1886ஆம் ஆண்டில் அதனைச் சேகரித்தார். காய்ந்த செடி பாரிசு நகருக்குச் சென்று பெயர் பெற்றது. உயிருள்ள செடியோ மலையிலேயே இருந்தது.

பின்னர் 1913ஆம் ஆண்டில் கப்டன் பெயிலி, கப்டன் மோர்சட் என்னும் இருவர் திபெத்தினூடாக ஒரு கடும் பயணத்தை மேற்கொண்டனர். திபெத்திலே கிழக்கு நோக்கி ஓடும் சாங்போ ஆறு, மலைகளுக்கிடையே மறைந்து, அசாமிலே பிரமபுத்திராவாக வெளிப்படும் வழியை ஆராய்வதே அவர்கள் நோக்கம். அப்பயணத்தில் பெயிலி ஒரு நீல மலரைக் கண்டு, அதனைப் பறித்துத் தம் குறிப்புப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார். அந்த அரைகுறை மாதிரி இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவை அடைந்தது. அங்கே டேவிட் பிரேயின் என்னும் தாவரவியலாளர் 1915இல் அதனைத் தனியினமாக வகுத்து, பெயிலியின் பெயரையே அதற்கு இட்டார்.

ஒரு காய்ந்த பூவினால் தோட்டம் அமையாது. அதற்கு விதை வேண்டும். அதனைக் கொணர்ந்தவர் பிராங்க் கிங்டன் வோட். அவர் 1924ஆம் ஆண்டில், கோடர் பிரபு என்பவரோடு அப்பகுதிக்குச் சென்றார். கோடையில் மலரைக் கண்டு மகிழ்ந்ததோடு அமையாமல், காய் முற்றும் காலம்வரை காத்திருந்து விதை திரட்டினார். அவ்விதை பிரித்தானியாவின் பல தோட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1926, 1927ஆம் ஆண்டுகளில் அவை பூத்து மக்கள் முன் காட்டப்பட்டபோது, அந்நாட்டுத் தோட்டக்கலை உலகமே வியந்தது.

பெயர் வரலாறும் சுவையானதே. 1934ஆம் ஆண்டில் ஜோர்ச் ரெயிலர் என்னும் அறிஞர், பெயிலி கண்டதும் பாதிரியார் கண்டதும் ஓரினமே எனத் தீர்மானித்து இரண்டையும் ஒன்றாக்கினார். எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2009ஆம் ஆண்டில் கிறிஸ்தோபர் கிறே வில்சன் என்பவர் இரண்டும் வேறே எனக் காட்டி, பெயிலியின் பெயரை மீட்டுக் கொடுத்தார். ஆதலின் இன்றும் பழைய நூல்களில் ஒரு பெயரும் புதிய நூல்களில் மற்றொரு பெயரும் காணப்படும். மாணவர்கள் மயங்கற்க.

விதையிலிருந்து ஏன்?

செடியை வாங்கி நடலாமே, விதையிட்டு ஏன் அல்லற்படவேண்டும் என்று சிலர் கேட்கலாம். வாங்கலாம்தான். ஆனால், நீலப் பொப்பிகளுட் புகழ்பெற்ற கலப்பினங்கள் பல விதை கொடா. அவற்றை வேரடியிற் பிரித்து நட்டே பெருக்கவேண்டும். அங்ஙனம் பெருக்கியவை எல்லாம் ஒரே செடியின் துண்டுகளே. ஒன்றைப் பற்றிய நோய் எல்லாவற்றையும் பற்றக்கூடும். விதையிலிருந்து எழும் செடிகளோ ஒன்றுபோல் ஒன்றிரா. ஒன்று வெப்பத்தைச் சற்றுத் தாங்கும், ஒன்று தாங்காது. ஒன்றின் நீலம் ஆழ்ந்திருக்கும். ஒன்றின் நீலம் வெளிறியிருக்கும். புதிய தோட்டமொன்றில் எது நிலைத்து வாழும் என்பதை விதைதான் தேர்ந்து காட்டும்.

ஆயின் அவ்விதைக்கு ஆயுள் குறைவு. வெப்பமான அறையிலே கடதாசிப் பையில் வைத்திருந்தால் விரைவில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். நெல்லையும் உழுந்தையும் போலக் கோட்டையிற் கட்டி வைக்கும் பொருளன்று. காய் முற்றியதும் எடுத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத குப்பியில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வருகின்ற தை மாசியில் விதைத்துவிடுதல் வேண்டும். பறித்தவுடனும் விதைக்கலாம். ஆனால் அப்போது முளைத்த இளநாற்றுக்களை அந்நாட்டு மாரிகாலம் முழுவதும் காப்பது புதியவர்களுக்கு எளிதன்று.

விதைக்கும் முறை

ஆழங்குறைந்த தட்டம் ஒன்றை எடுத்து, நீர் நன்றாக வடியக்கூடிய, சுண்ணம் கலவாத மண்கலவையால் நிரப்புதல் வேண்டும். பீற் எனப்படும் சதுப்புநில உக்கலையே முன்னர் இதற்குப் பெரிதும் பயன்படுத்தினர். சதுப்புநிலங்கள் அழிகின்றன என்பதை உணர்ந்தபின், அதற்கு மாற்றாகப் பலரும் தென்னந்தும்புத் தூளை நாடுகின்றனர். அத்தூளைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நம் தென்னந்தோட்டத்து மட்டையின் தூளிலே திபெத்து மலரின் விதை ஸ்கொத்லாந்தில் முளைக்கின்றது என்றால், உலகம் எத்துணைச் சிறியதாகிவிட்டது!

விதை கடுகினும் மிகச் சிறியது. அதனை மண்ணிலே புதைத்தல் ஆகாது. மேற்பரப்பில் ஐதாகத் தூவி, மெல்ல அழுத்திவிட்டாற் போதும். வேண்டுமாயின் மிகமெல்லிய மணற்படை ஒன்றால் மூடலாம். முளைப்பதற்கு ஒளி உதவும். பின்னர்த் தட்டத்தை நீருள்ள பாத்திரம் ஒன்றில் வைத்து, நீர் அடியிலிருந்து ஊறி மேலே வரச் செய்யவேண்டும். மேலிருந்து நீரை ஊற்றினால் விதைகள் எல்லாம் ஒரு மூலைக்குச் சென்று சேர்ந்துவிடும்.

வெப்பநிலை 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரை இருப்பது நன்று. குளிர்நாட்டிலே வாழும் நம்மவர் பலர், விதை முளைக்கவேண்டுமாயின் சூடு வேண்டுமென எண்ணி, அதனைச் சமையலறையின் வெப்பத்திலே வைத்துவிடுவர். மிளகாய் விதைக்கும் கத்தரி விதைக்கும் அது பொருந்தும். நீலப் பொப்பி விதையோ சூடான அறையில் முளையாது அடங்கிவிடும். இரண்டு முதல் நான்கு வாரங்களில், சிலபோது அதற்கும் பின்னர், மயிரிழை போன்ற பச்சைத் தண்டுகள் தோன்றும்.

இனித்தான் ஆபத்து. நேற்று நிமிர்ந்து நின்ற நாற்றுக்கள் இன்று காலையில் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் என்னும் பங்கசு நோயின் வேலை இது. புகையிலை நாற்றுமேடையிலும் மிளகாய் நாற்றுமேடையிலும் நம் கமக்காரர் கண்டு கலங்கும் அதே பகைதான். நெருக்கமாக விதையாமை, சுத்தமான தட்டம், மேல்மண் சேறாகாது காத்தல், காற்றோட்டம் ஆகிய நான்குமே இதற்குக் காப்பு. நாற்று ஒன்று சாய்ந்தவுடன் அதனையும் அதனைச் சூழ்ந்த மண்ணையும் சிறு கரண்டியால் அகற்றிவிடுவது நலம்.

வித்திலைகளுக்குப் பின் மயிரடர்ந்த உண்மை இலைகள் இரண்டு மூன்று தோன்றியதும், ஒவ்வொரு நாற்றையும் இலையிற் பிடித்து மெல்லத் தூக்கி, தனித்தனிச் சாடியில் நடவேண்டும். தண்டிற் பிடித்தால் அது நசுங்கிப்போகும். கோடைகாலம் முழுவதும் நிழலான இடத்தில், வேர் காயாமலும் நீர் தேங்காமலும் வளர்த்து, கோடை கழியும் தறுவாயில் நிலத்தில் நடலாம். உக்கிய இலைமண் நிறைந்த, புளிப்புத் தன்மையுள்ள, காலை வெயிலும் மாலை நிழலும் பொருந்திய இடமே இதற்கு உகந்தது.

பின்னர் மாரி வரும். இலைகள் பழுத்து அழுகும். நிலத்தில் ஒன்றுமே இராது. செடி போய்விட்டதென்று எண்ணி அவ்விடத்தைக் கொத்திவிடுவோரும் உளர். ஓர் அடையாளக் குச்சியை நட்டுவைத்துப் பொறுத்திருத்தல் வேண்டும். உறங்கும் குருத்துக்குப் பகை குளிரன்று. அதனடியில் தேங்கும் நீரே.

அம்மையாரின் வினாவுக்கு விடை

வசந்தத்திற் குருத்து விரிகின்றது. இலைக்கொத்து பெருக்கின்றது. ஒருநாள் அதன் நடுவிலே, மயிர் போர்த்த உருண்டையான மொட்டு ஒன்று தெரிகின்றது. வளர்த்தவரின் உள்ளம் துள்ளுகின்றது. கிள்ளிவிடு என்று முதியவர் சொன்னது இந்த மொட்டைத்தான்.

அவர் சொன்னதன் காரணத்தை நம் வாழைத்தோட்டத்திலேயே காணலாம். வாழை ஒருமுறைதான் குலை ஈனும். குலை ஈன்ற வாழை மீண்டும் தழைப்பதில்லை. ஏனெனில், இலைகளை ஈன்றுவந்த அந்த நடுக்குருத்தே பூவாக மாறி வெளியே வந்துவிட்டது; அதற்குமேல் வளர அதனிடம் குருத்து ஏது? ஆயினும் வாழைத்தோட்டம் அழிவதில்லை. தாய்வாழையின் அடியிலே குட்டிகள் நிற்கின்றன. வாழையடி வாழை என்று நம் முன்னோர் வாழ்த்தியது வெறும் அலங்காரமன்று, தாவரவியல் உண்மை. குட்டி விடாத தாளிப்பனையோ பல பத்தாண்டுகள் ஓங்கி வளர்ந்து, ஒருமுறை வானளாவப் பூத்து, காய் உதிர்ந்ததும் அடியோடு மடிகின்றது.

நீலப் பொப்பி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் உறவினங்களிற் பல தாளிப்பனையைப் போல ஒருமுறை பூத்து மடிவன. பெயிலியின் நீலப் பொப்பியோ, பக்கக் குருத்து உண்டாயின் வாழையைப் போல நிலைக்கும். பக்கக் குருத்து இல்லையாயின் தாளிப்பனையைப் போல மடியும். இளஞ்செடிக்குப் பெரும்பாலும் ஒரே குருத்துத்தான் இருக்கும். அதுவே மொட்டாக மாறிப் பூத்து, விதையையும் முற்ற வைக்குமாயின், செடி தன் சேமிப்பு எல்லாவற்றையும் அதிற் செலவழித்துவிடும். அடுத்த வசந்தத்தில் எழுவதற்கு அங்கே எதுவும் இராது.

மொட்டைக் கிள்ளினால் என்ன நேரும்? இதற்கும் நம் தோட்டத்திலே சான்று உண்டு. புகையிலையின் நுனியைக் கிள்ளியதும், இலைக்கக்கங்கள் தோறும் பக்கக் கொழுந்துகள் கிளம்புவதைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிவர். அவர் இலை பெருக்கவேண்டி அக்கொழுந்துகளையும் முறித்துவிடுகிறார். அது வேறு கதை. உச்சிக் குருத்து இருக்கும்வரை அதில் உண்டாகும் ஓமோன் ஒன்று பக்கக் குருத்துக்களை அடக்கி வைக்கின்றது. உச்சி நீங்கியதும் அவை விழித்தெழுகின்றன. இதனை உச்சியாட்சி என்று உயர்தர மாணவர்கள் படித்திருப்பர். நீலப் பொப்பியின் முதல் மொட்டைக் கிள்ளுவோர் நம்பியிருப்பதும் இவ்வியல்பினையே. அடியிலே பக்கக் குருத்துக்கள் பருத்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகுமாயின், பின்னர் ஒன்று பூத்து மடிந்தாலும் மற்றவை வாழும்.

ஆகவே முதியவர் சொன்னது பெரும்பாலும் உண்மையே. எனினும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கிள்ள வேண்டியதில்லை. மகளாரிடம் ஒன்று சொல்லுங்கள், அம்மா. செடியின் அடியிலே மண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குருத்து இருக்குமாயின் அச்செடியை விட்டுவிடலாம், அது பூக்கட்டும். ஒரே குருத்து மாத்திரமாயின் மொட்டைக் கிள்ளிவிடுதல் வேண்டும். ஆறும் ஒற்றைக் குருத்தாகவே இருந்தால், ஐந்தைக் கிள்ளி, ஒன்றைப் பூக்க விடட்டும். அந்த ஒன்று ஒருவேளை மடியலாம். ஆனால் ஓராண்டு காத்திருந்த கண்களுக்கு அது ஒரு மலரைக் காட்டிவிடும், விதையும் கொடுத்துவிடும். மற்றை ஐந்தும் அடுத்த ஆண்டுக்கு வலிமை பெறும்.

கிள்ளியபின் வாளாவிருத்தல் கூடாது. உக்கிய இலைமண்ணோ கூட்டெருவோ இட்டு, கோடையில் நீர் குறையாது பார்க்கவேண்டும். உணவின்றிக் குருத்துப் பருக்காது. வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில், எத்தனை மொட்டைக் கிள்ளினும் செடி நிலையாது. ஆதலாலேயே இது ஸ்கொத்லாந்தின் பேர்த் நகரத்து பிராங்லின் தோட்டம் போன்ற குளிர்ந்த ஈரலிப்பான இடங்களிற் செழிக்கின்றது. கனடாவிலும், கியூபெக் மாகாணத்தில், சென் லோரன்ஸ் ஆற்றங்கரையிலே எல்சி ரெவோட் என்னும் மாது அமைத்த மெற்றிஸ் தோட்டத்தில் இது புகழோடு வளர்கின்றது. ரொறன்ரோவிலுள்ள உறவினர் இதனை அறிந்துகொள்வது நல்லது. ஆற்றங்கரையின் குளிர்ந்த கோடை வேறு. நகரத்தின் புழுங்கும் கோடை வேறு.

நீலத்தின் இரகசியம்

மாணவர்களுக்காக ஒரு செய்தியை இங்கே சேர்க்க விரும்புகின்றோம். இந்த நீலத்தை உண்டாக்கும் பொருள் யாது? நீலப் பொப்பி ஒன்றின் இதழை ஆராய்ந்த யப்பானிய இரசாயனவியலாளர் 2006ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அதிலுள்ள அடிப்படை நிறப்பொருள் சயனிடின் என்னும் வகையைச் சேர்ந்தது. செந்நிற ரோசாவைச் சிவக்கச் செய்யும் வகையும் அதுவே. பொப்பியின் இதழிலே அது இரும்பு அயனோடும் மக்னீசிய அயனோடும் வேறொரு துணைப்பொருளோடும் இணைந்து நீலமாகத் தோன்றுகின்றது. சிவப்புக்கும் நீலத்துக்கும் முதல் ஒன்றே, சேர்க்கைதான் வேறு. சுண்ணம் மிகுந்த மண்ணில் இச்செடி நன்றாக வளராமையும், அங்கே பூ மங்கி ஊதாநிறம் கொள்வதாகத் தோட்டக்காரர் சொல்வதும் ஈண்டு நினைத்துப் பார்க்கத்தக்கன. சுண்ணம் மிக்க மண்ணிலிருந்து செடிகள் இரும்பைப் பெறுதல் அரிது என்பது மாணவர் அறிந்ததே.

பிள்ளைகளும் மொட்டுக்களும்

பள்ளிக்கூடத்திலே வாழ்நாளைக் கழிப்போருக்கு எதைப் பார்த்தாலும் பிள்ளைகளின் நினைவு வந்துவிடுகின்றது. பொறுத்தருள்க. பத்து வயதுப் பரீட்சை ஒன்றுக்காக, விளையாட்டையும் பாட்டையும் கதைப்புத்தகத்தையும் விலக்கி, விடியலிலும் இரவிலும் வகுப்புக்கு ஓட்டப்பட்ட பிள்ளைகளை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம். அவர்களுட் சிலர் அன்று அழகாகப் பூத்தார்கள். பத்திரிகையிலே படமும் வந்தது. ஆனால் பதினைந்து வயதில் எம்மிடம் வந்தபோது, புத்தகத்தைக் கண்டாலே சலித்த முகத்தினராய் இருந்தனர். அவர்களிடம் அறிவு குறையவில்லை. பக்கக் குருத்து இல்லை.

பிள்ளையின் மொட்டைக் கிள்ளுங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. செடிக்கு ஒரு நீதி, பிள்ளைக்கு ஒரு நீதி. தானாக மலரும் பிள்ளையை ஒருபோதும் தடுத்தல் கூடாது. நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: கிள்ள வேண்டிய மொட்டு ஒன்று உண்டாயின், அது பிள்ளையிடம் இல்லை, பெற்றோராகிய நம்மிடமும் ஆசிரியராகிய நம்மிடமுமே இருக்கின்றது. இவ்வாண்டே பூவைப் பார்த்துவிட வேண்டும், அயலாருக்குக் காட்டிவிட வேண்டும் என்னும் அந்த ஆவலே அது. அதனைக் கிள்ளிவிட்டால், பிள்ளையின் அடியிலே குருத்துக்கள் தாமாக எழும்.

விதையைப் பகிர்க

இனி, பூத்த செடிக்குத் திரும்புவோம். பூ உதிர்ந்தபின் மயிரடர்ந்த காய் ஒன்று நிமிர்ந்து நிற்கும். கோடை முடிவிலே அது பழுப்பு நிறமாகி, உச்சியிலே சிறு வாயில்கள் திறக்கும். காற்று அடிக்கும்போது அவற்றின் வழியே விதை சிந்தும். ஒரு செடியில் ஒரு காய் இருந்தாற் போதும். எஞ்சியவற்றை இளமையிலேயே அகற்றிவிடின் செடி வீணாக இளைக்காது. வாயில் திறக்கத் தொடங்கியதும், வறண்ட நாளொன்றிற் காயைக் கொய்து, கடதாசியின் மேற் கவிழ்த்துத் தட்டினால் விதை கொட்டும்.

அவ்விதையிற் பாதியை அடுத்த ஆண்டுக்கெனக் குளிரில் வைத்துவிட்டு, மறுபாதியை அயலாருக்குக் கொடுத்துவிடுதல் நலம். கிங்டன் வோட் கொணர்ந்த விதை ஒரே தோட்டத்திற் பூட்டி வைக்கப்பட்டிருக்குமாயின், ஒரு வறண்ட கோடையோடு அது முடிந்திருக்கலாம். பல கைகளுக்குப் பகிரப்பட்டமையாலேதான் அம்மலர் நிலைத்தது. ஓரிடத்திற் செடி மடிந்தபோது, வேறோரிடத்திலிருந்து விதை திரும்பி வந்தது. குறுகிய ஆயுளையுடைய விதைக்கு, கொடுப்பதைவிடச் சிறந்த களஞ்சியம் வேறில்லை.

அம்மையாரின் மகளும் அவ்வாறே செய்வாராக. முதற் பிடி விதை, அந்த அயல்வீட்டு முதியவருக்கு உரியது.